ஒரு கடிதம், மூன்று திராட்சை: இத்தாலியின் ‘இரும்பு பிரபு’ ரிகாசோலி யார்?

முத்தாண்டிக்குப்பம் பக்கம் முந்திரி உடைக்கிறவர்களிடம் டபிள்யூ 320 என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் பதில் வரும். ஒரு பவுண்டு எடையில் 300 முதல் 320 முழுப் பருப்பு நிற்கிற ரகம். எண் குறையக் குறையப் பருப்பு பெரிசு, விலையும் பெரிசு. டபிள்யூ 180 என்றால் அது ராஜா.

நெய்வேலி நகரியத்தைச் சுற்றியுள்ள செம்மண் தோப்புகளில் விளைவது பண்ருட்டி முந்திரி. ஆப்பிரிக்காவில் இருந்து கப்பலில் வந்து இதே வட்டாரத்தில் உடைபடும் கொட்டையும் உண்டு. உடைத்து, தோல் நீக்கி, தட்டில் பரப்பி வைத்தால் இரண்டும் பருப்புதான். எதை எந்தப் பெயரில் விற்கலாம்? பண்ருட்டி முந்திரிக்கும் பலாவுக்கும் 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, இது வெறும் சந்தைப் பேச்சு இல்லை, சட்டக் கேள்வி.

இத்தாலியில் இந்தக் கேள்விக்கு 300 வயசு. அங்கே முந்திரிக்குப் பதில் திராட்சை. பாட்டிலில் கியாந்தி என்று லேபிள் ஒட்ட வேண்டுமானால் எந்த ஊர், எந்த ரகம், ஒரு ஹெக்டேருக்கு எவ்வளவு விளைச்சல், எத்தனை மாதம் வைத்திருந்து விற்கலாம் என்பது வரை எல்லாம் எழுத்தில் இருக்கிறது. அந்த எழுத்துக்கு அடியில் ஒரு மனிதரின் முப்பது வருஷ உழைப்பு கிடக்கிறது. அவர் பெயர் பெத்தினோ ரிகாசோலி. தொழில்முறை ஒயின் வியாபாரி கிடையாது. இத்தாலியின் இரண்டாவது பிரதமர்.

அவர் எழுதிவைத்ததைப் பின்னால் வந்தவர்கள் பாதி மட்டும் படித்தார்கள். அந்தப் பாதிப் படிப்புக்கு ஒரு வட்டாரமே ரொம்ப காலம் விலை கொடுத்தது.

கடனோடு கைக்கு வந்த கோட்டை

ரிகாசோலி பிறந்தது 1809 மார்ச் 9, ஃபுளோரன்ஸ் நகரில். அப்போது இத்தாலி என்று ஒரு நாடே இல்லை. டஸ்கனி ஒரு பக்கம், பீட்மாண்ட் ஒரு பக்கம், ரோமைச் சுற்றிப் போப்பாண்டவரின் ஆட்சி, தெற்கே நேப்பிள்ஸ் அரசு என்று துண்டு துண்டாகக் கிடந்த தீபகற்பம் அது.

குடும்பம் பழைய பிரபு குடும்பம். ஃபுளோரன்ஸுக்கும் சியேனாவுக்கும் நடுவே, கியாந்தி மலைக்குன்றுகளில் இருக்கும் ப்ரோலியோ கோட்டை 1141 முதல் அவர்கள் கையில். இரண்டு நகரங்களும் எப்போதும் அடித்துக்கொண்டவை. எல்லையில் நின்ற ப்ரோலியோ ஒவ்வொரு சண்டையிலும் இடிபட்டு, திரும்பக் கட்டப்பட்ட கோட்டை. பரம்பரைப் பெருமைக்குக் குறைவில்லை. பணத்துக்குத்தான் குறை.

பதினெட்டு வயதில் ரிகாசோலி பெற்றோர் இல்லாதவர் ஆனார். கைக்கு வந்தது பெயரும் நிலமும் மட்டுமல்ல, தலைக்கு மேல் கடனும். சட்டப்படி அவர் இன்னும் மைனர். டஸ்கனியை ஆண்ட கிராண்ட் டியூக் ஒரு தனி ஆணை போட்டு, அவரை வயது வந்தவராக அறிவித்தார். தம்பிகளுக்குப் பாதுகாவலரும் அவரே. படிப்பைப் பாதியில் விட்டார். நகர வாழ்க்கையைக் குறைத்துக்கொண்டு ப்ரோலியோவுக்குப் போய், கணக்குப் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்தார். நம்ம ஊரில் அப்பா போன பிறகு மூத்த பையன் தலையில் குடும்பம் வந்து உட்காருமே, அதே கதைதான். இங்கே கூடவே ஒரு கோட்டையும் வந்தது.

1830-ல் அன்னா போனக்கோர்ஸியைக் கல்யாணம் செய்துகொண்டார். ஒரே ஒரு மகள். இந்தத் தம்பதியைப் பற்றி டஸ்கனியில் இன்றும் ஒரு கதை சொல்வார்கள். ஃபுளோரன்ஸில் ஒரு நடன விருந்து. யாரோ ஒரு இளைஞர் அன்னாவைக் கொஞ்சம் அதிகமாகவே கவனித்துவிட்டார். ரிகாசோலி சத்தம் போடவில்லை. மனைவியை அழைத்துக்கொண்டு வெளியே வந்து வண்டியில் ஏறினார். வண்டி வீட்டுக்குப் போகவில்லை. நடன உடையோடு, குளிரில், ராத்திரி முழுக்க ஓடி நேராக ப்ரோலியோவில் போய் நின்றது. அதன் பிறகு அவர்கள் வாழ்க்கை பெரும்பாலும் அந்தக் குன்றில்தான். கியாந்தி ஒயின் பிறந்ததே ஒரு கணவரின் பொறாமையால் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அன்னா என்ன நினைத்தார் என்பதைச் சொல்ல அந்தக் கதை மறந்துவிடுகிறது. அவர் 1852-ல் இறந்துபோனார்.

கடன் என்பதுதான் உண்மையான காரணம். அந்தக் கடனை அடைக்க நிலத்தை விட்டால் வேறு வழி இல்லை.

பாதிவாரமும் கலப்படக் கூடையும்

அன்றைய டஸ்கனியில் விவசாயம் நடந்த விதம் டெல்டாக்காரர்களுக்கும் கடலூர்க்காரர்களுக்கும் விளக்காமலே புரியும். வாரம். நிலம் பிரபுவுடையது, உழைப்பு குடியானவக் குடும்பத்துடையது, விளைச்சல் ஆளுக்குப் பாதி. மெட்ஸாத்ரியா என்பது இத்தாலியப் பெயர். ஒரே நிலத்தில் கோதுமை, ஆலிவ், திராட்சை எல்லாம் கலந்து இருக்கும். கொடியைத் தனியாக நடுவது குறைவு, மரத்தில் ஏற்றிவிடுவார்கள். குடியானவருக்கு வயிறு நிரம்ப வேண்டும், அதனால் அளவுதான் முக்கியம். தரம் பிரபுவின் கவலை. பிரபுக்களில் பாதிப் பேர் நகரத்தில் உட்கார்ந்துகொண்டு அதைப் பற்றியும் கவலைப்படவில்லை.

அறுவடையில் கறுப்பும் வெள்ளையும், பழுத்ததும் காயும் ஒரே கூடையில் விழும். அதிலிருந்து வரும் ஒயின் வருஷத்துக்கு ஒரு ருசி. பாட்டிலும் இன்று நாம் பார்க்கிற பாட்டில் இல்லை. அடி உருண்டையாக, வைக்கோல் பின்னிய குடுவை. வாயை அடைக்கக் கார்க்குக்குப் பதில் மேலே கொஞ்சம் ஆலிவ் எண்ணெய் ஊற்றி விடுவது வழக்கம். பக்கத்து ஊருக்குக் கொண்டுபோக இது போதும். கப்பலில் லண்டனுக்கு அனுப்பினால்? போய்ச் சேர்வதற்குள் பல நேரம் புளித்துவிடும். அதே காலத்தில் பிரான்ஸின் போர்தோ ஒயின் உலகம் முழுக்கப் போய்க்கொண்டிருந்தது.

பெயருக்கு மட்டும் குறைச்சல் இல்லை. 1716-லேயே டஸ்கனியின் மூன்றாம் கோசிமோ ஒரு ஆணை போட்டிருந்தார். கியாந்தி, பொமினோ, கர்மிஞ்ஞானோ, மேல் ஆர்னோ பள்ளத்தாக்கு என்று நாலு பகுதிகளுக்கு எல்லை வரைந்து, அந்த எல்லைக்குள் விளைந்ததுதான் அந்தப் பெயரில் போகலாம் என்றார். உலகத்தில் ஒயினுக்குச் சட்டப்படி எல்லை வரைந்த ஆரம்பகால முயற்சிகளில் இதுவும் ஒன்று. இந்தியாவில் புவிசார் குறியீட்டுச் சட்டம் வந்தது 1999-ல். முதல் குறியீடு டார்ஜிலிங் தேயிலைக்கு. கோசிமோ அதற்கு 280 வருஷம் முன்பே போய்விட்டார். ஆனால் அந்த ஆணை இடத்தைச் சொன்னது. பாட்டிலுக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை.

அந்த ஓட்டையைத்தான் ரிகாசோலி அடைக்க நினைத்தார். பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் போய் அங்கே எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தார். அங்கிருந்து கொடிகளை வரவழைத்து ப்ரோலியோவில் நட்டுப் பார்த்தார். குடியானவர்களுக்கு எப்போது பறிக்க வேண்டும், எப்படிப் பிரிக்க வேண்டும் என்று கறாராக விதி போட்டார். தோட்டத்து வேலை மட்டுமில்லை, அவர்களின் பக்தி, ஒழுக்கம் எல்லாவற்றிலும் தலையிட்டார். நல்ல மனிதர்தான், பக்கத்தில் வாழச் சுலபமான மனிதர் அல்ல. இரும்பு பிரபு என்ற பட்டம் சும்மா வரவில்லை.

1850-களில் இன்னொரு அடி. சாம்பல் நோய் என்று நம்ம விவசாயிகள் சொல்லும் பூஞ்சை நோய் ஐரோப்பா முழுக்கத் திராட்சையைத் தாக்கியது. டஸ்கனியில் விளைச்சல் படுத்துவிட்டது. கந்தகத் தூள் தூவினால் கட்டுப்படும் என்று கண்டுபிடித்துப் பழகுவதற்குள் பல வருஷம் போனது. எந்த ரகம் தாங்குகிறது, எது செத்துப்போகிறது என்று கவனித்துக் குறித்துக்கொள்ள அது ஒரு கொடூரமான வாய்ப்பாகவும் இருந்தது.

நடுவில் ஒரு நாடு

இதற்கிடையில் அரசியலும் வந்து சேர்ந்தது. 1847-ல் லா பாத்ரியா என்ற பத்திரிகையைத் தொடங்கினார். பெயருக்குத் தாய்நாடு என்று பொருள். அடுத்த வருஷம் ஃபுளோரன்ஸ் நகரத் தலைவர். கிராண்ட் டியூக் சீர்திருத்தத்தில் இருந்து பின்வாங்கியதும் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்துவிட்டார். பத்து வருஷம் மறுபடியும் தோட்டம்.

1859 ஏப்ரல் 27-ல் ஃபுளோரன்ஸில் மக்கள் திரண்டார்கள். கிராண்ட் டியூக் ரத்தம் சிந்தாமல் ஊரை விட்டுக் கிளம்பிவிட்டார். ரிகாசோலி உள்துறை அமைச்சர் ஆனார். கொஞ்ச நாளில் டஸ்கனியின் நடைமுறை ஆட்சியாளரே அவர்தான். ஆனால் ஜூலையில் பிரான்சும் ஆஸ்திரியாவும் வில்லாஃபிராங்காவில் தங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. அதன்படி பழைய டியூக்குகள் திரும்ப வரலாம். இரண்டு பேரரசுகள் பேசி முடித்த பிறகு ஒரு மலைக்கோட்டைப் பிரபு என்ன செய்ய முடியும்?

முடியாது என்று நின்றார். அவ்வளவுதான். மிரட்டலுக்கும் அசையவில்லை, சமாதானப் பேச்சுக்கும் அசையவில்லை. டஸ்கனி தனி நாடாக இருக்கலாமே என்று சொன்ன சொந்த ஊர்க்காரர்களையும் ஒதுக்கினார். 1860 மார்ச் 11, 12 தேதிகளில் வாக்கெடுப்பு நடந்தது. ஒரே இத்தாலிக்கு ஆதரவாக 3 லட்சத்து 66 ஆயிரத்துக்கு மேல். தனி நாட்டுக்குச் சுமார் 15 ஆயிரம். டஸ்கனி சேர்ந்ததால்தான் வடக்கு ஒரு நாடாக உருவெடுத்தது. கரிபால்டி தெற்கே கப்பலேறியது அதற்குப் பிறகு, மே மாதத்தில்.

1861-ல் இத்தாலி பிறந்தது. முதல் பிரதமர் காவூர் பதவியேற்ற சில மாதங்களில், ஜூன் 6-ல், இறந்துபோனார். ஒரே வாரத்தில் அந்த நாற்காலிக்கு வந்தவர் ரிகாசோலி. ஒரு சுவாரஸ்யம் பாருங்கள்: காவூரும் திராட்சைக்காரர்தான். பீட்மாண்டில் கிரின்சானே என்ற சின்ன ஊருக்குப் பதினேழு வருஷம் மேயராக இருந்து, குடும்பத் தோட்டத்தைச் சீர்படுத்தியவர். அந்த வட்டாரத்தில் நெப்பியோலோ திராட்சையில் இருந்து வருவது பரோலோ ஒயின். ஆக, இத்தாலியின் முதல் இரண்டு பிரதமர்களும் நாட்டின் மிகப் பெயர்பெற்ற இரண்டு சிவப்பு ஒயின்களோடு சம்பந்தப்பட்டவர்கள். வேறு எந்த நாட்டுக்கும் இப்படி ஒரு தொடக்கம் இருக்குமா என்பது சந்தேகம்.

பிரதமராக அவர் பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. கரிபால்டியின் தொண்டர் படையை முறையான ராணுவத்தில் சேர்த்துக்கொண்டார். பாரதியார் கவிதை எழுதிய அதே மாஜினி நாடு திரும்ப வழிவிட வேண்டும் என்று நினைத்தார். போப்பாண்டவரோடு சமாதானம் பேசப் பார்த்தார், கதவு திறக்கவில்லை. சபையில் ஆள் பிடிப்பது, கணக்குப் போட்டு ஓட்டு சேர்ப்பது எல்லாம் அவருக்கு அருவருப்பு. எதிரணியின் ரத்தாஸிக்கு அது கைவந்த கலை. 1862 மார்ச்சில் ரிகாசோலி ராஜினாமா.

1866 ஜூனில் மறுபடியும் பிரதமர், ஆஸ்திரியாவோடு போர் தொடங்கும் நேரத்தில். தலைநகர் அப்போது அவருடைய சொந்த ஊரான ஃபுளோரன்ஸ். பிரஷ்யக் கூட்டணியை விட்டு விலகினால் வெனிஸ் பகுதி சும்மாவே கிடைக்கும் என்று மூன்றாம் நெப்போலியன் ஆசை காட்டினார். ரிகாசோலி மறுத்துவிட்டார். கொடுத்த வாக்கு வாக்குதான். பிறகு பிரஷ்யா அவருக்குக் கருங்கழுகு விருது தர முன்வந்தது. கூட்டணியை உருவாக்கியவர் தனக்கு முன்பு பிரதமராக இருந்த லா மார்மோரா, அவருக்கு இல்லாத விருது எனக்கு எதற்கு என்று அதையும் திருப்பிவிட்டார். 1867 ஏப்ரலில் சபை அவருக்கு எதிராகத் திரும்பியது. இரண்டாம் முறையும் பதவி போனது.

நேராக ப்ரோலியோ.

1872: பைசா பேராசிரியருக்கு ஒரு கடிதம்

இப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியாகிவிட்டது. முப்பது வருஷத்துக் குறிப்புகள் கையில். பைசா பல்கலைக்கழகத்தில் செசாரே ஸ்துதியாத்தி என்ற பேராசிரியரோடு ஒயின் பற்றிக் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். 1872 செப்டம்பர் 26 தேதியிட்ட கடிதத்தில் தன் முடிவை எழுதினார். கியாந்தி ஃபார்முலா என்று உலகம் இன்று சொல்வது இதைத்தான்.

மூன்று ரகங்கள் அதில் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை.

முதலாவது சாஞ்சோவேசே. கறுப்புத் திராட்சை, டஸ்கனியின் முதுகெலும்பு. தாமதமாகப் பழுக்கும், தோல் மெலிசு, புளிப்பு அதிகம், துவர்ப்பும் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சையை வாயில் போட்டால் முதலில் வருவது இனிப்பும் ரோஜா மணமும். மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம் அது, 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. சாஞ்சோவேசே அதற்கு நேர் எதிர்க் குணம். முறைப்பான ஆள். ஒயினுக்கு மணமும் முறுக்கும் இதிலிருந்து வருகிறது என்பது ரிகாசோலியின் கணிப்பு.

இரண்டாவது கனயோலோ. இதுவும் கறுப்பு, ஆனால் மென்மை. முதலாவதின் கடுமையை இது தணிக்கும், அதன் மணத்தைக் கெடுக்காது. குழம்பில் புளி தூக்கலாக இருந்தால் ஒரு துளி வெல்லம் போடுவதில்லையா, அந்த வேலை.

மூன்றாவது மால்வாசியா, வெள்ளை ரகம். இங்கேதான் விஷயம். வெள்ளைத் திராட்சை சேர்த்தால் ஒயின் லேசாகும், சீக்கிரம் குடிக்க வாகாக இருக்கும், தினசரிச் சாப்பாட்டு மேசைக்கு நல்லது என்று எழுதினார். கூடவே, நாள்பட வைத்துக் குடிக்கும் ஒயினில் இதைச் சேர்க்காமல் விடுவதே சரி என்றும் தெளிவாக எழுதினார்.

இன்று பல இடங்களில் இந்தக் கடிதத்தோடு சதவீதக் கணக்கு ஒன்றும் சேர்ந்தே சுற்றுகிறது. இடத்துக்கு இடம் அந்த எண் மாறும். ரிகாசோலி சொல்ல வந்தது எண்ணை அல்ல. எந்த ரகம் எதற்கு, எப்போது வேண்டாம் என்பதை. இரண்டு விதமான கியாந்தி உண்டு, ஒன்று இளசாகக் குடிக்க, இன்னொன்று காத்திருந்து குடிக்க. இரண்டுக்கும் ஒரே கலவை கூடாது.

எட்டு வருஷம் கழித்து, 1880 அக்டோபர் 23-ல், ப்ரோலியோவிலேயே இறந்தார். அதற்கு முந்தின வருஷம்தான் வேரைத் தின்னும் ஃபிலாக்ஸரா பூச்சி இத்தாலிக்குள் வந்தது. பிரான்ஸின் தோட்டங்களை அழித்த அதே பூச்சி. பழைய கொடிகள் அழிந்து, ஒட்டுக்கட்டிய புதுக் கொடிகள் நடப்பட்ட காலத்தைப் பார்க்க அவர் இல்லை. வெள்ளைக் குதிரையில் அவர் ஆவி இரவில் கோட்டையைச் சுற்றுவதாக உள்ளூரில் ஒரு பேச்சு உண்டு. இரண்டாம் பாதிக் கதையைப் பார்த்தால், அது ஏன் சுற்றுகிறது என்று புரியும்.

பாதி படித்த சட்டம்

கியாந்தி என்ற பெயர் விற்க ஆரம்பித்ததும் எல்லை விரிய ஆரம்பித்தது. அக்கம்பக்கத்துக் குன்றுகளில் விளைந்ததும் கியாந்தி ஆனது. பழைய பகுதி விவசாயிகள் 1924-ல் கறுப்புச் சேவல் சின்னத்தோடு சங்கம் தொடங்கினார்கள். ஆனால் 1932-ல் அரசு கியாந்தியை ஏழு பகுதிகளாக அதிகாரபூர்வமாக விரித்தது. ரிகாசோலியின் பழைய மண்ணுக்கு கிளாசிகோ என்ற அடைமொழி மட்டும் மிஞ்சியது. பண்ருட்டிப் பலா என்ற பெயரை மாவட்டத்துக்கே கொடுத்துவிட்டு, பண்ருட்டிக்காரரைப் பார்த்து நீங்கள் அசல் பண்ருட்டி என்று எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

1963-ல் இத்தாலி ஒயின் தரச் சட்டம் கொண்டுவந்தது. டிஓசி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்த முறைக்குள் 1967-ல் கியாந்தி வந்தது. விதி எழுதியவர்கள் ரிகாசோலியின் கலவையை அடிப்படையாக வைத்துக்கொண்டார்கள். ஆனால் அவர் வேண்டுமானால் சேர்க்கலாம் என்று சொன்ன வெள்ளைத் திராட்சையைக் கட்டாயம் ஆக்கினார்கள். குறைந்தது 10 சதவீதம், அதிகபட்சம் 30. நாள்பட வைக்கும் ஒயினுக்கும் அதேதான். அதிலும் மால்வாசியாவோடு, கொட்டிக் கொட்டி விளையும், ருசி குறைவான ட்ரெப்பியானோவுக்கும் இடம் கொடுத்தார்கள்.

ஏன் இப்படி? அந்தச் சமயத்தில் வாரமுறை முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. குடியானவர்கள் தொழிற்சாலை வேலைக்கு நகரங்களுக்குப் போய்விட்டார்கள். கலப்பு நிலங்களைப் பிடுங்கிவிட்டு, மானியத்தில் திராட்சை மட்டும் வரிசை வரிசையாக நட்டார்கள். தேர்ந்தெடுத்த சாஞ்சோவேசே கன்றுகளும் பல இடங்களில் அளவுக்காகத் தேர்ந்தவையே, தரத்துக்காக அல்ல. கூடவே ஏற்கெனவே ஏராளமாக நின்ற வெள்ளைக் கொடிகளை என்ன செய்வது? சட்டமே இடம் கொடுத்தது. விளைவு, தண்ணீர் போன்ற கியாந்தி. வைக்கோல் குடுவை உலகம் முழுக்க மலிவு உணவகங்களில் மெழுகுவத்தி ஸ்டாண்டாக நின்றது. உள்ளே இருந்ததை விடக் குடுவைதான் பிரபலம்.

சிக்கல் புரிகிறதா? நல்ல ஒயின் செய்ய நினைத்தவர், அதாவது ரிகாசோலி சொன்னபடி வெள்ளையைத் தவிர்த்தவர், சட்டப்படி கியாந்தி என்று போட முடியாது. சுமாரான ஒயின் செய்தவருக்கு முத்திரை உண்டு.

ஃபுளோரன்ஸின் பழைய ஒயின் குடும்பமான அந்தினோரி 1971-ல் திஞ்ஞானெல்லோ என்ற ஒயினைக் கொண்டுவந்தது. சாஞ்சோவேசேதான் அடிப்படை. 1975 முதல் அதில் வெள்ளைத் திராட்சை கிடையாது, கொஞ்சம் பிரெஞ்சு ரகமான கபெர்னே உண்டு. லேபிளில் கியாந்தி கிளாசிகோ என்ற பெயரை விட்டுவிட்டார்கள். சட்டத்தின் கண்ணில் அது வெறும் மேசை ஒயின், கடைசிப் படி. விலையோ முத்திரை குத்திய கியாந்தியைப் போலப் பல மடங்கு. கடற்கரைப் பக்கம் போல்கெரியில் முழுக்க பிரெஞ்சு ரகத்தில் செய்த சஸிகாயாவும் அப்படித்தான். பத்திரிகைகள் இவற்றுக்கு சூப்பர் டஸ்கன் என்று பெயர் வைத்தன. தரவரிசையில் கீழே, சந்தையில் மேலே. எந்தத் தரச்சான்று முறைக்கும் இதைவிட அவமானம் வேண்டாம்.

இப்போது அந்தப் படிக்கட்டு எப்படி?

அவமானம் வேலை செய்தது. 1984-ல் கியாந்தி டிஓசிஜி என்ற மேல் படிக்குப் போனபோது கிளாசிகோவில் வெள்ளையின் கட்டாய அளவு 2 முதல் 5 சதவீதமாகக் குறைந்தது. 1992-ல் புதுச் சட்டம். இன்று இத்தாலிய பாட்டிலில் நாலு படிகளைப் பார்க்கலாம். அடியில் வெறும் வீனோ, ஊர் பெயர் இல்லாத ஒயின். அதற்கு மேல் ஐஜிடி: பகுதி உண்டு, விதி தளர்வு, சூப்பர் டஸ்கன்களுக்காகவே திறந்துவிட்ட மாதிரி ஒரு படி. பிறகு டிஓசி: இடம், ரகம், விளைச்சல் அளவு எல்லாம் விதிப்படி. உச்சியில் டிஓசிஜி: அதே விதிகள் இன்னும் இறுக்கமாக, கூடவே நிபுணர் குழு ருசித்துப் பார்த்த பிறகு எண் போட்ட முத்திரைப் பட்டை. நாட்டின் 20 மாநிலங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட டிஓசிஜி பெயர்கள் இருக்கின்றன. பீட்மாண்டின் பரோலோ, டஸ்கனியின் புருனெல்லோ எல்லாம் இந்தப் படியில்தான். புருனெல்லோ வேறு ரகம் இல்லை, அதே சாஞ்சோவேசேயின் மொந்தால்சினோ ஊர் உருவம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். டபிள்யூ 320 என்பது பொருளின் தரம்: பருப்பின் அளவு. அது எந்த ஊர்ப் பருப்பாகவும் இருக்கலாம். புவிசார் குறியீடு இடத்தோடு கட்டிய பெயர். இத்தாலிக்காரர்கள் இரண்டையும் ஒரே முத்திரையில் பிணைக்கப் பார்த்தார்கள். அதனால்தான் விதியில் ஒரு வரி தப்பானால் ஊர் முழுக்க அடிவாங்கியது.

1980-களின் கடைசியில் கியாந்தி கிளாசிகோ சங்கம், ஃபுளோரன்ஸ், பைசா பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து பல வருஷ ஆராய்ச்சி ஒன்றைத் தொடங்கியது. நல்ல சாஞ்சோவேசே கொடி எது என்று தோட்டம் தோட்டமாகத் தேடுவது. பைசா, ஸ்துதியாத்தியின் அதே பைசா. ப்ரோலியோவோ அப்போது சோகக் கதை. கோட்டை குடும்பத்திடம், ஒயின் பிராண்ட் கைமாறி வெளிநாட்டு நிறுவனங்களிடம் போயிருந்தது. 1993-ல் வாரிசு ஒருவர் அதைத் திரும்ப வாங்கினார். தோட்டத்தின் மண் வகைகளை வரைபடமாக எடுத்து, பழைய கொடிகளில் இருந்து தேர்ந்தெடுத்துத் திரும்ப நட்டார்கள்.

1996-ல் கியாந்தி கிளாசிகோ தனி டிஓசிஜி ஆனது. முழுக்க சாஞ்சோவேசேயிலேயே செய்யவும் சட்டம் வழிவிட்டது. 2006 அறுவடை முதல் கிளாசிகோவில் வெள்ளைத் திராட்சைக்கு இடமே இல்லை. ரிகாசோலியின் கடிதம் எழுதி அப்போது 134 வருஷம் ஆகியிருந்தது. அதன் பிறகு கிளாசிகோவுக்குள்ளேயே உச்சப் படியாக கிரான் செலெசியோனே வந்தது: சொந்தத் தோட்டத்துத் திராட்சை மட்டும், விற்பனைக்கு முன் குறைந்தது 30 மாதக் காத்திருப்பு. 2021-ல் சங்கம் இந்தப் படிக்கு சாஞ்சோவேசே 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, மீதியும் உள்ளூர்க் கறுப்பு ரகங்களாகவே இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. அந்தப் பட்டியலில் கனயோலோ உண்டு. வெள்ளை மால்வாசியா இல்லை.